அம்மச்சியின் பெயரில் ஒரு லேன்

அத்தியாயம் பதினான்கு

திரேசியாம்மாவைப் போன வாரம் தியான மையத்தின் வாசலில் இறக்கிவிட்டு வந்தோம். உள்ளே போனால் சனிக்கிழமை வரை வெளியே வர முடியாது. பேச்சு கூடாது, போன் கூடாது. மகன் சிபிச்சன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே உள்ளே போய்விட்டுத் திரும்பினான். மருமகள் ஜின்ஸி காரை விட்டு இறங்கவில்லை. கேட் மூடியதும் அவள் 'அப்பாடா' என்று ஒரு மூச்சு விட்டாளே, அதை நாமும் பார்த்தோம்.

அந்த மூச்சுக்கு ஆயுசு கம்மி.

வியாழக்கிழமை காலை. பாலா ஊரே மழையில் நனைந்து கிடந்தது. கோடவுனுக்கு மேல்மாடியில் இருக்கும் ஆபீசில் ஜின்ஸி குடையை மடக்குவதற்குள் போன் அடித்தது. மலைமேல் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர் பெனிட்டா.

"ஜின்ஸி மோளே, ஃபில்டர் பெட்டி எங்கே?"

"அனுப்பியிருப்பாங்களே சிஸ்டரே?"

"வரலையே. திங்கக்கிழமையே கேட்டாச்சு. கடைசியா இருந்ததைக் காலைல முதல் ஷிஃப்டுக்குப் போட்டுட்டோம். இன்னிக்குச் சாயங்கால ஷிஃப்டுல யார் இருக்காங்கன்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியாமல் என்ன. அவளைப் பெற்ற அவராச்சன்தான் இருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட மனிதர், வாரம் இரண்டு தடவை ரத்தத்தைச் சுத்தம் செய்யும் அந்த மெஷினில் படுத்துத்தான் அடுத்த வாரத்தைப் பார்க்கிறார். திங்கட்கிழமை மண் சரிந்து ரோடு அடைபட்டதால் ஒரு முறை ஏற்கெனவே தவறிவிட்டது. இன்றும் தவறினால் என்ன ஆகும் என்பதை டாக்டர் சொல்லித்தான் ஜின்ஸிக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

"பக்கத்து ஆஸ்பத்திரில கடன் கேட்டுப் பாத்தீங்களா?"

"கேட்டாச்சு. அங்கயும் இல்ல. எல்லாருக்கும் நீங்கதானே குடுக்கறது. சாயங்காலம் இருட்டினா போலீஸ் மலை ரோட்டை அடைச்சிடும், மழைக்கு. அதுக்குள்ள வண்டி ஏறணும்."

ஜின்ஸி ஈரக் கையோடு கம்ப்யூட்டரைத் திறந்தாள். பெட்டி எங்கே நிற்கிறது என்பது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. திரையில் சிவப்பாக நின்றது. திரேசியாம்மாவின் லேனில்.

புதிதாக இந்தத் தொடரைப் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜின்ஸி கல்யாணத்துக்கு முன்னால் கொச்சியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தாள். ஒவ்வொரு ஆபீசிலும் ஒரு வேலை யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று படம் போட்டு, அந்தப் படத்தையே வேலை வாங்க வைப்பது அவள் தொழில். வந்த வீட்டின் மருத்துவச் சாமான் கம்பெனிக்கும் அதைச் செய்து கொடுத்தாள். ஒரு பெரிய கட்டம், அதுதான் கம்பெனி. அதற்குள் குறுக்கே கோடு போட்டுப் பிரித்த நான்கு பட்டைகள். பட்டைக்கு லேன் என்று பெயர். முதல் லேனில் ஆபீஸ் ஆர்டரைப் பதியும். அடுத்த லேன் அனுமதி கொடுக்கும். அதற்கடுத்தது கோடவுன், கடைசியில் வண்டி. எந்த லேனில் வேலை வந்து நிற்கிறதோ அந்த லேனுக்கு உரிய ஆளின் போனில் மணி அடிக்கும். அவர் அமுக்கினால் மேலே நகரும். அமுக்காவிட்டால் அங்கேயே நிற்கும்.

லேனுக்கு உரிய ஆள் யார் என்று சொல்லும் இடத்தில் பதவியைப் போட வேண்டும், ஆளின் பெயரைப் போடக் கூடாது. இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவது இது. ஆள் காய்ச்சலில் படுப்பான், கல்யாணத்துக்குப் போவான். பதவி எங்கும் போகாது.

இதை ஜின்ஸி மாமியாரிடம் சொல்லத்தான் செய்தாள்.

"மேலாளர்னு போடறேன் அம்மச்சி. இப்போ அந்த மேலாளர் நீங்க. நாளைக்கு நீங்க இல்லாத ஒரு நாள்ல..."

"நான் இல்லாத நாளா? எங்கே போறேன் நான்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் அம்மச்சி."

"மேலாளர்னு எழுதினா எவன் வேணாலும் வந்து உக்காருவான். என் பேரை எழுது. அந்த லேன் எல்லாத்துக்கும் மேல இருக்கட்டும்."

"இதுல மேல, கீழன்னு ஒண்ணும் கணக்கு இல்ல அம்மச்சி."

"கணக்கு இல்லைன்னா மேலயே போட்டுடேன்."

போட்டாள். மூன்றாம் மாத மருமகள் வேறென்ன செய்வாள்? அன்று சிபிச்சன் திரையை எட்டிப் பார்த்து, "இதுல நான் எங்கே?" என்று சிரித்தபடி கேட்டான். "நீ எல்லா இடத்துலயும்தான் இருக்கே, போடா" என்றார் அம்மா. நாற்பதை எட்டப் போகிற மகன் எந்த லேனிலும் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். ஜின்ஸியும் சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. கீழே கோடவுனுக்கு ஓடினாள்.

"பிஜு, மலை ஆஸ்பத்திரி ஃபில்டர் பெட்டியை எடு. வண்டியில ஏத்து."

பிஜு ரேக்கைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அனுமதி ஸ்லிப் வரலையே சேச்சி."

"நான் சொல்றேன்ல."

"சொல்றீங்க. ஸ்லிப் இல்லாம ஒரு பஞ்சுகூட வெளியே போகக் கூடாதுன்னு அம்மச்சி சொல்லியிருக்காங்க. அதுவும் போக, பில் இல்லாத மருந்துப் பெட்டியை செக்போஸ்ட்ல பிடிச்சா வண்டியே அங்க நின்னுடும். அப்புறம் உங்க அப்பாவுக்குப் பெட்டியும் கிடைக்காது, எனக்கு வேலையும் இருக்காது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே சாமியே தியானத்தில் இருந்தது. ஆனால் பிஜு சொன்னதில் தப்பும் இல்லை. ஸ்லிப் இருந்தால்தான் பில், பில் இருந்தால்தான் பெட்டி. அப்படிப் படம் போட்டதும் அவளேதான்.

தியான மையத்துக்கு போன் போட்டாள். ஒரு பையன் எடுத்தான், குரலிலேயே பக்தி.

"தியானத்துல இருக்கறவங்களைக் கூப்பிட மாட்டோம் சேச்சி."

"ரொம்ப அவசரம். ஒரு நிமிஷம் போதும்."

"எல்லாரும் அவசரம்னுதான் சொல்றாங்க. மரணம்னா மட்டும் பாதிரியார் அச்சன்கிட்ட சொல்லுவோம். மரணமா?"

ஆமாம் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் பயம். போனை வைத்துவிட்டாள்.

அடுத்தது சாச்சனே கூப்பிட்டார். கேரளத்து மலைக்காரர்களுக்கு அப்பா என்றால் சாச்சன்தான். குரலுக்கு நடுவே மூச்சு இரைத்தது.

"மோளே, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். வராண்டால உக்காந்திருக்கேன். மழை பாக்க நல்லா இருக்கு."

"கால் வீங்கியிருக்கா சாச்சா?"

"கால் எப்பவும் இருக்கற இடத்துலதான் இருக்கு. செருப்புதான் சின்னதாயிடுச்சு."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு சுளை. சக்கை வெட்டினாங்க பக்கத்து வீட்ல. ரெண்டே ரெண்டு சுளை மோளே."

மெஷினில் படுப்பவர்கள் பலாச்சுளையைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. வாயில் போட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு ஏறி இதயத்தைப் பிடிக்கும். அதுவும் ஒரு முறை மெஷின் தவறிய உடம்பு.

"எங்கேயும் நடக்காதீங்க. உக்காந்தே இருங்க. பெட்டி வந்துக்கிட்டிருக்கு."

"வந்துக்கிட்டிருக்கா?"

"ஆமா சாச்சா."

பொய் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மதியம் தாண்டியும் மழை விடவில்லை. சிபிச்சன் வெளியே வசூலுக்குப் போனவன் திரும்பி வந்து, மழைக்கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, மரவள்ளிக் கப்பையும் மீன் கறியும் பிரித்து வைத்துக்கொண்டான்.

"சாப்பிடு ஜின்ஸி. காலையில இருந்து நீ ஒண்ணும் சாப்பிடலைன்னு பிஜு சொன்னான்."

"இறங்காது இச்சாயா. என்ன பண்றதுன்னு சொல்லுங்க."

"சிஸ்டர் எங்கயாவது ஏற்பாடு பண்ணுவாங்க. அவங்ககிட்ட ரெண்டு மூணு ஸ்பேர் எப்பவும் ஒளிச்சு வெச்சிருப்பாங்க."

"இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"அப்படித்தான் சொல்லுவாங்க. பயப்படாதே."

பயப்படாதே என்று சொல்பவர்கள் எல்லாம் எதிரில் உட்கார்ந்து மீன்முள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். உலக வழக்கம் அது.

ஜின்ஸி திரும்பவும் திரையைப் பார்த்தாள். சிவப்பு அசையவில்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது, நினைவூட்டு என்று. எதற்கும் உதவாது. போன்களை எல்லாம் மையத்து ஆபீசில் வாங்கிப் பூட்டிவைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கை சும்மா இருக்க மறுத்தது. அமுக்கினாள்.

நாற்காலி முதுகில் தொங்கிய மழைக்கோட்டுக்குள் மணி அடித்தது.

சிபிச்சனின் போன் மேஜை மேல், மீன் கறிக்குப் பக்கத்தில் இருந்தது. அது அடிக்கவில்லை.

ஜின்ஸி இன்னொரு தடவை அமுக்கினாள். கோட்டுக்குள் இன்னொரு தடவை அடித்தது.

சிபிச்சன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். அவள் எழுந்து போய்ப் பைக்குள் கையை விட்டாள். திரேசியாம்மாவின் போன். பின்னால் மாதா படம் ஒட்டிய அதே உறை.

"இது என்ன இச்சாயா?"

"நான் சொல்லலாம்னுதான்..."

"எப்போ?"

அவன் கையைக் கழுவப் போனான். குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே பேசினான்.

"உள்ளே குடுத்தா தொலைச்சிடுவாங்கன்னு அம்மச்சி என்கிட்ட குடுத்துட்டாங்க. தொடாதே, சனிக்கிழமை வந்து நானே பாத்துக்கறேன்னாங்க."

"திங்கக்கிழமை இது அடிச்சிருக்கும். செவ்வாக்கிழமை அடிச்சிருக்கும். இன்னிக்குக் காலையில இருந்து நான் மாடிக்கும் கோடவுனுக்கும் ஓடறேன். நீங்க பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க?"

"அடிச்சா நான் என்ன பண்ண முடியும்? லாக் நம்பர் தெரியாது. தொட்டா வந்து என் தோலை உரிப்பாங்க. உனக்கு அம்மச்சியைத் தெரியாதா?"

ஜின்ஸி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்தது. ஆனால் கோபப்பட நேரமில்லாத கோபம் அது. வண்டி மலை ஏற எத்தனை நேரம் ஆகும் என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

சிபிச்சன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அவள் பின்னால் வந்து நின்றான். குரல் மெதுவாக இருந்தது.

"லேனை மாத்திடேன். உன்கிட்டதான் அந்த அதிகாரம் இருக்கே. அம்மச்சி பேரை எடுத்துட்டு, நீ முதல்ல சொன்ன மாதிரி மேலாளர்னு போட்டுடு."

"அவங்க ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கும்போது அவங்க பேரை எடுக்கவா?"

"வேற வழி இருந்தா சொல்லு."

இல்லை. அதனால்தானே காலையிலிருந்து அந்தப் பக்கமே போகாமல் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"மேலாளர்னு போட்டா அதுக்குள்ள ஆள் யாருன்னு சொல்லணும்" என்றாள்.

"உன் பேரைப் போடு." கொஞ்சம் நிறுத்தி, "என் பேரையும் போடு. துணைக்கு இருக்கட்டும்" என்றான்.

ஜின்ஸி உட்கார்ந்தாள். கட்டத்தைத் திறந்தாள். மேலே இருந்த லேனைத் தொட்டாள். வலப்பக்கம் அதன் விவரங்கள் விரிந்தன. 'திரேசியா குரியன்' என்று இருந்த இடத்தை அழிக்கும்போது, யாரோ பின்னால் நின்று பார்ப்பது போலிருந்தது. கணவன்தான் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மேலாளர் என்று அடித்தாள். அதற்குள் இரண்டு பெயர்களைச் சேர்த்தாள். புதுப் படத்தை வெளியிடு என்று கொடுத்தாள்.

சிவப்பு அப்படியே நின்றது.

"என்னாச்சு? நகரலையே?" என்றான் சிபிச்சன்.

"நகராது. பழைய படத்துல கிளம்பின ஆர்டர் பழைய படத்துலதான் ஓடும். புதுசா வர்றதுதான் புதுப் படத்துல வரும்." சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். "சிஸ்டரே, திங்கக்கிழமை அனுப்பினதை ரத்து பண்ணுங்க. அதே ஆர்டரை இப்போ புதுசா அனுப்புங்க. இப்பவே."

"கரன்ட் வந்து வந்து போகுது மோளே."

"வரும்போது அனுப்புங்க சிஸ்டரே, ப்ளீஸ். சாச்சன் எப்படி இருக்காரு?"

"படுக்க வெச்சிருக்கேன். ஆக்சிஜன் குடுக்கறோம். நீ பெட்டியைப் பாரு."

காத்திருந்தார்கள். ஜின்ஸி மாதாவை வேண்டினாள். மாமியாரும் இதே நேரத்தில் அங்கே மாதாவைத்தான் வேண்டிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. யார் சொல்லை முதலில் கேட்பாள் அந்தத் தாய்?

ஆபீஸ் லேனில் ஆர்டர் வந்து விழுந்தது. பதிந்ததும் மேலாளர் லேனுக்கு நகர்ந்தது. இரண்டு போன்கள் ஒரே நேரத்தில் அடித்தன, அவளுடையதும் அவனுடையதும்.

"நீங்க அமுக்குங்க இச்சாயா. என் அப்பாவோட பெட்டி இது. நான் அமுக்கினா நல்லா இருக்காது."

"உன் அப்பாதானே. நீயே அமுக்கு."

வாதம் பண்ண நேரமில்லை. அமுக்கினாள். கீழே ஸ்லிப் அடிக்கும் சத்தம் கேட்டது. பிஜு ரேக்கை நோக்கி ஓடும் சத்தமும் கேட்டது. அவனைக் குறை சொல்ல முடியாது, ஸ்லிப் வந்துவிட்டால் பறப்பான்.

வண்டி முன்னால் போனது. பின்னால் ஜீப்பில் இவர்கள். வழி நெடுகச் சிபிச்சன் ரோட்டிலேயே கண்ணை வைத்து ஓட்டினான். திரேசியாம்மாவின் போன் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அடிவாரத்தில் போலீஸ்காரர் தடுப்பை இழுத்துக்கொண்டிருந்தார். ஜின்ஸி தலையை வெளியே நீட்டி, "ஆஸ்பத்திரி வண்டி சாரே" என்றாள். அவர் முன்னால் போன வண்டியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், விட்டுவிட்டார். சேற்றில் ஜீப் திணறி ஏறுவதற்குள் வண்டி எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் ஜின்ஸி ஓடினாள். மெஷின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. குழாயில் ரத்தம் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அவராச்சன் கண்மூடிப் படுத்திருந்தார். மூச்சு சீராக இருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது.

"அழாதே. உக்காரு" என்றது ஒரு குரல்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் திரேசியாம்மா உட்கார்ந்திருந்தார். கையில் ஜெபமாலை.

"அம்மச்சி? தியானம்..."

"சிஸ்டர் அச்சனுக்கு நேரா போன் பண்ணிட்டாங்க. அச்சன் வண்டி குடுத்தாரு. தியானத்தைப் பாதியில விட்டா பாவம்தான். அதை நான் ஆண்டவர்கிட்ட பேசிக்கறேன்." நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்தார். "பில்லைப் பாத்தேன். என் பேர் இருக்கற இடத்துல மேலாளர்னு இருக்கு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்த ஜின்ஸி சிபிச்சனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கதவோரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேற யாரும் வந்து மாத்தலை. நான்தான் மாத்தினேன் அம்மச்சி" என்றாள். "அமுக்கினதும் நான்தான்."

"தெரியுது. அதை வீட்ல போய்ப் பேசிக்கலாம். பேச வேண்டியது இருக்கு." குரலில் காரம் இருந்தது, ஆனால் பார்வை இவள் மேல் இல்லை. "எடா, என் போன் எங்கே?"

சிபிச்சன் கொண்டுவந்து கொடுத்தான். திரேசியாம்மா வாங்கித் திறந்து பார்த்தார். வரிசையாக வந்து கிடந்த நினைவூட்டல்களை மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனார். திங்கள் வரை போனார்.

"இதை எதுக்குடா உன்கிட்ட குடுத்துட்டு உள்ளே போனேன்?"

அவன் மறுபடி கதவோரம் போய் நின்றான்.

"ஆஸ்பத்திரி ஆர்டர் எது வந்தாலும் நிறுத்தாதே, முக்கியமா இவளோட அப்பனோடதை உடனே அமுக்குன்னு சொன்னேனா இல்லையா?"

"லாக்..." என்றான் சிபிச்சன்.

"உன் பொறந்த நாள்தானேடா அதுக்கு நம்பர். நீ பள்ளிக்கூடம் போற காலத்துல இருந்து எனக்கு எல்லாத்துக்கும் அதுதானே நம்பர்."

ஜின்ஸி கணவனைப் பார்த்தாள். தொடாதே என்று அம்மச்சி சொன்னதாகச் சொன்னது பொய். நம்பர் தெரியாது என்றது பொய். லேனை மாற்று என்று மெதுவாகச் சொன்னது அவன். அம்மாவின் பெயர் போய்விட்டது, அவன் பெயர் வந்துவிட்டது. அழித்த கை, அமுக்கிய கை, இரண்டும் அவளுடையது. அந்தக் கட்டத்துக்குள் ஓர் இடம் கிடைப்பதற்காக, திங்கட்கிழமையிலிருந்து அவள் அப்பாவின் மூச்சை அவன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான்.

அவராச்சன் கண்ணைத் திறந்தார். மகளைப் பார்த்தார். கதவோரம் நின்ற மருமகனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மோளே, சிபிச்சனுக்கு ஒரு கட்டன் சாயா வாங்கிக் குடு. எனக்காக இந்த மழைல மலை ஏறி வந்திருக்கானே."

ஜின்ஸி எழுந்திருக்கவில்லை.